உருட்டித் தின்னும் வளைக்கரடி, உள்ளிருந்து தின்னும் அந்துப்பூச்சி

தேனீக் கூட்டுக்கு எதிரி யார் என்று கேட்டால், கைப்பேசியில் வீடியோ பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தேன்வளைக்கரடி என்பார்கள். சிங்கத்துக்கு முன்னால் பல்லைக் காட்டி நிற்கும், நல்லபாம்பைக் கடித்துத் தின்னும், தேனீக்கள் மொய்க்க மொய்க்கக் கூட்டுக்குள் தலையை நுழைக்கும் விலங்கு அது. குமரி மாவட்டத்துக் குலசேகரத்திலோ அருமனையிலோ ரப்பர் மரத்தடியில் தேனீப்பெட்டி வைத்திருப்பவர் அதைச் சொல்லமாட்டார். தேனடைக்குள் நூல் பின்னிக்கொண்டு ஓடும் வெள்ளைப் புழுவைச் சொல்வார். அது மெழுகு அந்துப்பூச்சியின் புழு.

ஒன்று நல்ல வளர்ந்த ஆணாக இருந்தால் 16 கிலோ வரை எடையுள்ள ஊனுண்ணி. மற்றது சிறகை மடக்கினால் இரண்டு சென்டிமீட்டர்கூட வராத சாம்பல்நிறப் பூச்சி. இரண்டும் தேடி வருவது ஒரே இடத்தை. ஆனால் வரும் நேரம், தின்னும் பாகம், பெற்றுப்போடும் குட்டிகளின் எண்ணிக்கை எல்லாமே வேறு. அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு போனால், குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடி மாதங்களில் பெட்டிகள் ஏன் காலியாகின்றன என்பது விளங்கும்.

வளைக்கரடியை முதலில் பார்த்துவிடலாம். மெல்லிவோரா கேப்பென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். கரடிக்கும் அதற்கும் நெருங்கிய உறவில்லை. நீர்நாய் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் காணும் வளைக்கரடிக்குக்கூட அது தூரத்துச் சொந்தம்தான், தனக்கென ஒரு துணைக்குடும்பம் வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் தொடங்கி அரேபியா, ஈரான் வழியாக இந்தியா, நேபாளம் வரை பரவியிருக்கிறது. முதுகு முழுக்க வெளிறிய சாம்பல், வயிறும் காலும் கறுப்பு. முன்னங்கால் நகங்கள் 4 சென்டிமீட்டர் வரை நீளும். மண்ணைத் தோண்டவும் மரப்பொந்தைப் பிளக்கவும் அவைதான் கருவி. கழுத்துத் தோல் 6 மில்லிமீட்டர் தடிமன். அதைவிட முக்கியம், அந்தத் தோல் உடம்போடு ஒட்டாமல் தளர்வாகக் கிடப்பது. பிடரியைக் கவ்விய எதிரியை, தோலுக்குள்ளேயே திரும்பிக் கடித்துவிடும்.

பாம்பு விஷயத்திலும் வெறும் துணிச்சல் மட்டும் இல்லை. நல்லபாம்பின் நஞ்சு, தசைக்குக் கட்டளை வாங்கும் ஏற்பி என்ற இடத்தில் போய் ஒட்டித்தான் உடம்பை முடக்குகிறது. வளைக்கரடியின் ஏற்பியில் நஞ்சு ஒட்டவேண்டிய இடம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்று 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. கீரி, முள்ளெலி, பன்றி ஆகியவற்றிலும் இதே இடத்தில் தனித்தனியாக மாற்றம் நடந்திருக்கிறது. கின்னஸ் புத்தகம் வளைக்கரடியை உலகிலேயே அச்சமற்ற விலங்கு என்று சொன்னது. அச்சத்தை எப்படி அளந்தார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

இவ்வளவு இருந்தும் இந்தியாவில் அது எங்கும் அடிக்கடி கண்ணில் படுவதில்லை. இரவில் நடமாடும், தனியாகத் திரியும், பகலில் வளைக்குள் கிடக்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைக்கப்பட்டிருக்கிறது. புலிக்குள்ள பாதுகாப்பு இதற்கும் உண்டு. அடர்த்தியாக வாழ முடியாத உடம்பு அதனுடையது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆப்பிரிக்காவின் கலஹாரியில் கழுத்துப்பட்டை மாட்டித் தொடர்ந்தபோது, ஓர் ஆண் சுற்றிவரும் பரப்பு சராசரியாக 500 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. பெண்ணுக்கு 125 அளவில். கன்னியாகுமரி மாவட்டம் மொத்தமே சுமார் 1,670 சதுர கிலோமீட்டர்தான். கலஹாரி வறண்ட நிலம், இரை தேடி வெகுதூரம் அலையவேண்டும்; நம் மலையோரத்தில் அவ்வளவு தேவைப்படாமல் போகலாம். என்றாலும் ரப்பர் தோட்டமும் வீடுமாக நெருக்கியடித்த மார்த்தாண்டம், அருமனைப் பக்கத்தில் பெட்டிகள் கிடக்கும் இடமும், இப்படி அலையும் விலங்குக்கு வேண்டிய இடமும் ஒன்றல்ல.

சரி, அந்துப்பூச்சிக்கு வருவோம். அதற்கு முன் பெட்டி.

1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் ஒரு கிராம மேம்பாட்டு மையம் நடத்தியது. அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் அதற்குத் தலைமை. அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. பனையேறியும் கிழங்கு நட்டும் பிழைத்த சிறு குடும்பங்களுக்கு உபதொழிலாக அவர்கள் சொல்லிக்கொடுத்தவற்றில் கோழி வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் உண்டு. தேனீதான் வேரூன்றியது. பொந்தில் கூடு வைக்கும் நம் நாட்டு இந்தியத் தேனீயை, ஏபிஸ் செரானா இண்டிகாவை, சின்ன மரப்பெட்டியில், அடை கட்டுவதற்கான மரச்சட்டம் போட்டு வளர்த்தார்கள். பிறகு ரப்பர் பெருகியது. மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்ந்து புதுத்தளிர் வரும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும். பூவே இல்லாமல் இலையில் வரும் இந்த மதுதான் மார்த்தாண்டம் தேனின் பெரும்பங்கு. இன்று அந்தத் தேன் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது.

மாசி, பங்குனியில் பெட்டி நிரம்பி வழியும். தேன் எடுத்து முடியும். அப்புறம் தென்மேற்குப் பருவமழை. ரப்பர் இலை முற்றிவிட்டது, பூக்களில் மது மழையில் கழுவப்பட்டுவிடும், தேனீக்கள் வெளியே போகவும் முடியாது. ராணி முட்டையிடுவதைக் குறைக்கும். கூட்டம் சுருங்கும். ஆறேழு அடைகளைப் போர்த்தியிருந்த ஈக்கள் இரண்டு மூன்று அடைக்குத்தான் காணும். மிச்ச அடைகள் காவலில்லாமல் நிற்கும். அந்துப்பூச்சிக்கு வேண்டியது இந்த நிலைதான்.

பெரிய மெழுகு அந்துப்பூச்சி, கலேரியா மெலோனெல்லா, இரவில் வரும். பெண்பூச்சி வாசல் வழியாகவோ விரிசல் வழியாகவோ நுழைந்து, தேனீயின் வாய் எட்டாத இடுக்கில் கொத்துக் கொத்தாக முட்டையிடும். உள்ளே நுழையக்கூட வேண்டாம், வெளிப்பலகை இடுக்கே போதும். ஒரு பெண் பொதுவாக 300 முதல் 600 முட்டை வரை இடும், சிலது ஆயிரத்தையும் தாண்டும். வெப்பமான நாட்களில் ஒரு வாரத்துக்குள் பொரிந்துவிடும். பொரிந்த புழு நூலிழைபோல இருக்கும். அதைக் கண்ணில் பார்த்துப் பிடிப்பது நடக்காத காரியம். அது நேராக அடையின் நடுச்சுவருக்குள் புகுந்து, போகும் வழியெல்லாம் பட்டுநூலால் குகை அமைத்துக்கொண்டே தின்னும். அந்த நூல்தான் அதற்குக் கவசம். தேனீ கொட்டினாலும் கடித்தாலும் நூலில்தான் படும். வளர்ந்த புழு 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். கடைசியில் சட்டத்தின் மரத்தையே தோணிபோலக் குடைந்து அதில் கூட்டுப்புழுவாகப் படுத்துக்கொள்ளும். பழைய சட்டங்களில் வரிசையாகக் காணும் அந்தக் குழிகளைக் கறையான் வேலை என்று நினைத்து மண்ணெண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு.

அடைக்குள் புழு ஓடிய இடத்தில் இன்னொரு கொடுமை நடக்கும். அறையை உடைத்து வெளியே வரவேண்டிய இளந்தேனீக்கள் காலில் பட்டுநூல் சிக்கி, வெளியே வரவும் முடியாமல் உள்ளேயே சாகும். மூடி திறந்த அறைகளில் தலைமட்டும் தெரிய வரிசையாக நிற்கும் இளஈக்களைப் பார்த்தால், அந்துப்பூச்சி அடையின் அடிவரை போய்விட்டது என்று அர்த்தம்.

இந்தியத் தேனீக்கு இதில் இரண்டு பலவீனம் கூடுதல். வெளிநாட்டிலிருந்து வந்த இத்தாலியத் தேனீ மரப்பிசினைக் கொண்டுவந்து பெட்டியின் இடுக்குகளை அடைக்கும். நம் தேனீ பிசின் சேர்ப்பதே இல்லை. ஆக, முட்டையிட இடுக்குகள் திறந்தே கிடக்கும். இரண்டாவது, நம் தேனீ பழைய அடையைத் தானே கடித்து உதிர்த்துப் புது அடை கட்டும் பழக்கம் உள்ளது. உதிர்ந்த மெழுகுத்தூள் அடிப்பலகையில் குவியும். வாரக்கணக்கில் அதைக் கூட்டாமல் விட்டால், புழுவுக்குப் பந்திவிரித்த மாதிரி. ஆனால் இதே பழக்கத்தைக் காட்டில் வைத்துப் பார்த்தால் கதை மாறும். மரப்பொந்தில் அடை உதிர்ந்தால் பொந்தின் அடியில் போய்விழும், கூட்டுக்கும் அதற்கும் தூரம் இருக்கும். பெட்டியின் அடிப்பலகைதான் அதை அடைக்கு அருகிலேயே பிடித்துவைக்கிறது. மனிதன் கொடுத்த வீட்டின் குறை அது, தேனீயின் குறை இல்லை.

தாங்கமுடியாமல் போனால் இந்தியத் தேனீ கூட்டத்தோடு பெட்டியை விட்டு ஓடிவிடும். இத்தாலியத் தேனீ செத்தாலும் பெட்டியிலேயே கிடக்கும் சுபாவம். நம் ஈ, ராணியோடு கிளம்பிவிடும். காலையில் பெட்டியைத் திறந்தால் வலை பின்னிய அடையும் எச்சமும் மட்டும் இருக்கும். அந்துப்பூச்சி கூட்டத்தை அழித்ததா, பலவீனமான கூட்டம் ஓடியபிறகு அந்துப்பூச்சி வந்ததா என்ற தகராறு தேனீ வளர்ப்போரிடம் எப்போதும் உண்டு. என் கணக்கில், பத்துக்கு எட்டு இடத்தில் பலவீனம்தான் முதலில் வந்திருக்கும். பட்டினி, ராணி இல்லாமை, நோய் இந்த மூன்றில் ஒன்று முன்னால் நடந்திருக்கும். 1991-க்குப் பிறகு தாய் சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் கேரளத்திலும் குமரியிலும் இந்தியத் தேனீக் கூட்டங்களைத் துடைத்துப் போட்டபோது பெட்டிகள் காலியாகித் தோட்டங்களில் கிடந்தன. தேனீப்புழு செத்தது நோயால். மிஞ்சிய அடை அந்துப்பூச்சிக்குப் போயிற்று. பெட்டி திறந்தவர் கண்ணில் பட்டது வலைதான், அதனால் பழியும் அதன்மேல்தான்.

இங்கேதான் இரண்டு எதிரிகளும் எதிரெதிர் திசையில் நிற்கிறார்கள். வளைக்கரடிக்கு வலுவான கூடு வேண்டும். நிறைய தேனீப்புழு உள்ள, கனமான கூடு. அந்துப்பூச்சிக்கு வலுவான கூடு ஆகாது, வலுவான கூட்டில் அதன் புழுவைத் தேனீக்கள் இழுத்து வெளியே போட்டுவிடும். ஒன்று செழிப்பைத் தேடி வருகிறது, மற்றது சரிவைத் தேடி வருகிறது.

இரண்டுக்கும் பொதுவான ஒன்றும் உண்டு, அதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. இரண்டும் முதன்மையாகத் தேனுக்கு வருவதில்லை. வளைக்கரடி தேனைத் தின்னும்தான், ஆனால் அது குறிவைப்பது தேனீப்புழு வளரும் அடையை. கொழுப்பும் புரதமும் அங்கேதான். அதன் அன்றாடச் சாப்பாடே எலி, தேள், பாம்பு, பல்லி வகைதான். தேன்கூடு கிடைத்தால் கூடுதல். அந்துப்பூச்சியோ, வளர்ந்தபின் எதையுமே தின்னாது. வாயுறுப்பு வேலை செய்யாது. புழுவாக இருந்தபோது சேர்த்துவைத்ததை வைத்து ஆண் சுமார் மூன்று வாரமும் பெண் அதைவிடக் குறைவாகவும் வாழ்ந்து முடித்துவிடும். அதன் புழுவும் வெறும் மெழுகை மட்டும் தின்று ஒழுங்காக வளராது. கறுத்த பழைய அடையில் தேனீப்புழுக்கள் உரித்துப்போட்ட தோலும் மகரந்தமும் ஒட்டியிருக்குமே, அதுதான் அதற்குச் சத்து. அதனால்தான் பெட்டியில் தேன் சேரும் அறையின் வெளுத்த புது அடைகள் பெரும்பாலும் தப்பிக்கும், தேனீப்புழு வளரும் அறையின் கறுப்பு அடை முதலில் போகும். அடை கட்டத் தொடங்கச் சட்டத்தில் பொருத்தும் மெழுகுத் தாளை அது சீந்துவதும் குறைவு.

அந்துப்பூச்சியின் காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2013-இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பூச்சி 300 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கிறது என்று அளந்து காட்டினார்கள். மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸே எல்லை. தெரிந்த வௌவால்களில் மிக உயர்ந்த ஒலியெழுப்பும் வகைகூட 212 அளவில்தான் நிற்கிறது. வௌவாலிடம் தப்புவதற்காக வளர்ந்த காது, வௌவாலையே தாண்டிப் போயிருக்கிறது. ஆண்பூச்சி மனிதக் காதுக்கு எட்டாத உயர் ஒலியில் துடித்துப் பெண்ணை அழைக்கவும் செய்கிறது. வளைக்கரடிக்கு மூக்கு, அந்துப்பூச்சிக்குக் காது. இருட்டில் வேலை பார்க்கும் இரண்டுக்கும் கண் இரண்டாம்பட்சம்.

இனி, இவற்றோடு எப்படி மல்லுக்கட்டுவது என்பது. இதைத் தீர்மானிப்பது அவற்றின் பிள்ளைப்பேறு. பெண் வளைக்கரடி ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். அந்தக் குட்டி ஒரு வருடத்துக்கும் மேலாகத் தாயோடேயே திரிந்து வேட்டை கற்கும். அப்படியிருக்க ஒரு தாயைக் கண்ணி வைத்துக் கொன்றால், அந்தப் பரப்பில் அது திரும்ப நிரம்பப் பல ஆண்டு ஆகும். தென்னாப்பிரிக்காவில் தேனீ வளர்ப்போர் பல காலம் அதைத்தான் செய்தார்கள், கண்ணியும் நஞ்சும். பிறகு கலஹாரியில் அதை ஆராய்ந்த கோலீன் பெக், கீத் பெக் இணையர் முன்னின்று, பெட்டியை ஒரு மீட்டர் உயரத் தாங்கியில் வைத்துக் கட்டினால் வளைக்கரடியால் அதை உருட்ட முடியாது என்று காட்டினார்கள். அப்படி வைத்து எடுத்த தேனுக்குத் தனி முத்திரையும் வந்தது. மொத்தத் தீர்வும் ஒரு தாங்கியும் ஒரு வாரும்தான். எறும்புக்குப் பயந்து தண்ணீர்க் கிண்ணியோடு தாங்கியில் பெட்டி வைக்கும் நம் ஊர்க்காரருக்கு இது புதிய பாடம் இல்லை.

அந்துப்பூச்சியில் இந்தக் கணக்கு தலைகீழ். நூறு பூச்சியை நசுக்கினாலும் நூற்றொன்றாவது 500 முட்டை இடும். கொல்வதால் பயனில்லை என்பதல்ல, கொல்வதை மட்டும் நம்பினால் பயனில்லை. வேலை முழுக்கக் கூட்டத்தின் பக்கம்தான்: மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுப்பது, ஈ போர்த்தாத அடைகளை எடுத்துவிட்டு இடத்தைச் சுருக்குவது, வாசலைக் குறுக்குவது, வாரம் ஒருமுறை அடிப்பலகையைக் கூட்டுவது. கூட்டிய தூளைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே தட்டுகிறவர்கள்தான் அதிகம். அதைக் கொண்டுபோய் எரித்துவிடவேண்டும். இரண்டு நோஞ்சான் கூட்டங்களை வைத்துக்கொண்டு தவிப்பதைவிட அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடுவது மேல். பெட்டி எண்ணிக்கை குறையும் என்று பலருக்கு இதில் மனம் வராது.

காட்டில் இதே பூச்சிக்கு வேறு வேலை இருக்கிறது. பொந்தில் ஒரு கூட்டம் செத்தாலோ ஓடினாலோ, நோய்க்கிருமியோடு கிடக்கும் பழைய அடையைத் தின்று தீர்ப்பது அந்துப்பூச்சிதான். அடுத்த கூட்டம் வரும்போது பொந்து ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அதன் புழுவுக்கு இன்னொரு பிழைப்பு. மனித உடல் வெப்பமான 37 டிகிரியிலும் உயிரோடு இருப்பதால், கிருமிகளையும் மருந்துகளையும் சோதிக்க எலிக்குப் பதிலாக அதைப் பயன்படுத்துகிறார்கள். பிளாஸ்டிக் தின்னும் புழு என்று 2017-இல் பெரிய செய்தியாகவும் வந்தது. தேனீ வளர்ப்பிலும் ஈடுபாடுள்ள உயிரியலாளர் ஃபெடரிகா பெர்டோக்கினி, அடையிலிருந்து எடுத்த புழுக்களைப் பாலித்தீன் பையில் போட, அவை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தன. சுமார் 100 புழுக்கள் 12 மணி நேரத்தில் 92 மில்லிகிராம் தின்றன. 2022-இல் அவற்றின் உமிழ்நீரில் அதற்கான நொதிகளையும் கண்டார்கள். நொதி முக்கியமான கண்டுபிடிப்புதான். ஆனால் 5 கிராம் பை ஒன்றைத் தீர்க்க அதே 100 புழுவுக்கு 27 நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபிறகு, நாகர்கோவில் குப்பைக்கு வேறு வழிதான் பார்க்கவேண்டும் என்று தோன்றும்.

குமரியில் பணம் போவது உண்மையில் இன்னொரு இடத்தில். சித்திரையில் தேன் எடுத்து முடிந்ததும் கழற்றி வைக்கும் காலி அடைகளில்தான். ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் பல கிலோ தேனைச் செலவழிக்கும், ஆகவே கட்டிய அடையைப் பத்திரமாக வைத்து அடுத்த தையில் திரும்பக் கொடுத்தால் அவ்வளவு தேன் மிச்சம். வீட்டு உத்தரத்தில் சாக்கில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மாதத்தில் உள்ளே சாம்பல்தூளும் நூலும்தான் இருக்கும். அந்துருண்டை போட்டு வைப்பது அதைவிட மோசம். அந்த வேதிப்பொருளை மெழுகு உறிஞ்சி வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டுத் தேனில் விடும். நல்ல வழி குளிர். உறைநிலைக்குக் கீழே 7 டிகிரியில் நாலரை மணி நேரம், 15 டிகிரியில் 2 மணி நேரம் இருந்தால் முட்டை முதல் பூச்சி வரை எல்லா நிலையும் சாகும். நம் பெட்டியின் சட்டம் சிறியது, வீட்டு ஃப்ரீசரில் மீனை ஒதுக்கிவிட்டு இரண்டு மூன்றாக வைத்து எடுக்கலாம். அடையின் உள்வரை குளிர் ஏற வேண்டும் என்பதால் ஓர் இரவு முழுக்க விடுவது நல்லது. எடுத்ததும் ஈரம் காயவிட்டு, காற்றுப் புகாத டப்பாவிலோ தடித்த பிளாஸ்டிக் பையிலோ உடனே மூடவேண்டும். பையை இரட்டையாகப் போடுங்கள், ஒற்றைப் பையைப் புழு ஓட்டை போடும் என்பது மேலே பார்த்ததுதான். தேனீப்புழு வளர்ந்து கறுத்துப்போன அடைகளைச் சேர்த்துவைக்க இவ்வளவு பாடு வேண்டாம், உருக்கி மெழுகாக விற்றுவிடலாம்.